முன்னும் பின்னும் ஒரே டயர்

ஜூன் 9, 2024

பழைய ஃபோர் வீல் பிக்கப்பை வாங்கிய பிறகு வரும் முதல் மழைக்காலம். பூப்பாறைக்கு மேலே ஏலத்தோட்டத்துச் சேற்றில் ஃபோர் ஹை (நான்கு சக்கரமும் இழுக்கும் நிலை) போட்டதும் வண்டி அலுங்காமல் ஏறிவிட்டது. தார் ரோட்டுக்கு வந்த பிறகுதான் வம்பு. ஸ்டியரிங் கல்லாக இறுகி, ஃபோர் வீல் லீவர் டூ ஹைக்கு (பின்சக்கரம் மட்டும் இழுக்கும் நிலை) வரவே மாட்டேன் என்றது. ரிவர்ஸில் கொஞ்ச தூரம் எடுத்ததும் ‘டக்’கென்று விடுபட்டது.

ஜூன் 10

போடி மெக்கானிக் அண்ணன் கியர்பாக்ஸ் பக்கமே போகவில்லை. குத்தவைத்து டயரின் பக்கவாட்டைப் படித்தார். முன்னால் 215/75 ஆர் 15, பின்னால் 235/75 ஆர் 15 (முதல் எண் டயரின் அகலம், மி.மீ.யில்). லோடு தாங்கட்டும் என்று வண்டியை விற்றவர் பின்னால் மட்டும் பெரிசாக மாட்டியிருக்கிறார். விட்டத்தில் 3 செ.மீ.தான் வித்தியாசம்.

டயரில் சாக்பீஸ் கோடு போட்டு, ஒரு முழுச் சுற்று உருட்டி, தரையில் டேப் பிடித்தோம். முன் டயர் 214 செ.மீ. போகிறது, பின் டயர் 223 செ.மீ. ஆக, ஒரு கிலோமீட்டருக்கு முன்சக்கரம் 467 தடவை சுற்ற வேண்டும், பின்சக்கரத்துக்கு 448 போதும். “முன்சக்கரத்தையும் பின்சக்கரத்தையும் வேற வேற வேகத்துல சுத்த விடுற டிஃபரன்ஷியல் நடுவுல இல்லாத வண்டிப்பா இது. ஃபோர் ஹை போட்டா முன்னுக்கும் பின்னுக்கும் போற ரெண்டு ஷாஃப்ட்டும் ஒண்ணாத்தான் சுத்தும். அந்த 19 சுத்து எங்க போகும்?” என்றார். சேற்றில் டயர் வழுக்கிச் சரிக்கட்டிவிடும். தாரில் வழுக்க முடியாமல் ஷாஃப்ட்டும், இழுவையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்பர் கேஸின் பல்லும் முறுக்கிக்கொள்கின்றன. லீவர் சிக்கியது அதனால்தான்.

ஜூன் 12

பக்கத்துத் தோட்டத்துத் தம்பி கேட்டான்: “ஃபோர் வீல் டிராக்டர்ல முன்டயர் சின்னதாத்தானேண்ணே இருக்கு?” நல்ல கேள்வி. அங்கே சின்னச் சக்கரம் வேகமாகச் சுற்றுவதற்கு ஏற்ற பல் கணக்கை முன் ஆக்ஸிலிலேயே வைத்துவிடுகிறார்கள். டிராக்டரிலும் கண்ட சைஸை மாட்டினால் அந்தக் கணக்கு கெட்டுவிடும். நம் பிக்கப்பில் இரண்டு ஆக்ஸிலுக்கும் ஒரே பல் கணக்கு. அதனால் நான்கு டயரும் ஒன்றாக இருந்தே ஆகவேண்டும்.

ஜூன் 16

இரண்டு மட்டும் வாங்கலாமா என்று வீட்டில் பேச்சு வந்தது. நான் சம்மதிக்கவில்லை. புது டயரில் பட்டன் ஆழம் 8 மி.மீ. இருந்து, பழையது 1.6 மி.மீ. தேய்மானக் குறிவரை தேய்ந்திருந்தால், எண் ஒன்றாக இருந்தாலும் சுற்றளவில் ஏறக்குறைய 4 செ.மீ. இடிக்கும். கம்பெனி மாறினாலும் சுற்றளவு கொஞ்சம் மாறும். ஒரே கம்பெனி, ஒரே மாடல், நான்கும் 215 என்று முடித்தேன். காற்றும் முக்கியம். குறைந்தால் டயர் அமுங்கி உருளும் தூரமும் குறையும்.

ஜூலை 3

நல்ல மழை. தோட்டத்துக்குள் ஃபோர் ஹை, கேட் தாண்டியதும் டூ ஹை. லீவர் ஒரு விரலுக்கு வருகிறது. டயர் ஒன்றாகிவிட்டதென்று காய்ந்த தாரில் ஃபோர் ஹையில் ஓட்டக் கூடாது. வளைவில் முன்சக்கரம் பின்சக்கரத்தைவிட அதிக தூரம் போகும், மறுபடி அதே முறுக்கல்தான்.

இனி ஸ்டெப்னி. இப்போது கிடப்பது பழைய 235. காட்டில் பஞ்சராகி அதை மாட்டினால் டூ ஹையில் மெதுவாகத்தான் இறங்கவேண்டும். ஏலக்காய் பணம் வந்ததும் ஐந்தாவதாக அதே 215 வாங்கி, ஐந்தையும் சுழற்சியில் மாற்றி ஓட்டப்போகிறேன்.