கத்திரி வெயிலும் முந்திக்கொண்ட சாரலும்: புறவாசல் நாட்குறிப்பு

மே 4, 2025, ஞாயிறு

இன்று கத்திரி தொடங்குகிறது, 28ஆம் தேதி வரை. வத்தல் போடுகிற வீட்டில் மட்டும் இந்த வெயிலுக்கு நல்ல பேர் உண்டு. தென்காசிப் பக்கம் எங்களுக்கு வாய்ப்பது இந்த ஒரு வெயில்தான். ஜூன் பிறந்து, செங்கோட்டைக் கணவாய் வழியே மேற்குக் காற்று இறங்கிவிட்டால், அப்புறம் ஆடி கழிகிறவரை எதுவும் முறுகக் காயாது. பகலெல்லாம் ஈரக்காற்று, நினைத்தால் தூறல்.

மாசியில் போட்ட செடிகள் கடைசிக் காய்ப்பில் இருக்கின்றன. வெண்டை இலை மஞ்சள் ஓடிப்போய்விட்டது, அதை விட்டுவிட வேண்டியதுதான். கத்தரி, மிளகாய், சீனியவரை மூன்றுக்கும் வாழைச்சருகை மூடாக்காகப் போட்டிருப்பதால் சாயங்காலம் ஒருவேளைத் தண்ணீரே தாங்குகிறது.

பறிக்கப் போகும்முன் சிவப்பு நூலோடு ஒரு சுற்று வந்தேன். நோயில்லாத செடியில், நடுக்காய்ப்பில் வந்த திரட்சியான காயின் காம்பில் நூல். நூல் கட்டிய காய் விதைக்கு, வீட்டில் யாரும் தொடக்கூடாது. மிச்சந்தான் வத்தலுக்கும் குழம்புக்கும். நல்லதையெல்லாம் தின்றுவிட்டு, சூத்தையும் சொத்தையுமாகக் கிடப்பதை விதைக்கு விட்டால் அடுத்த வருஷம் தோட்டமும் அப்படித்தான் இருக்கும். வீட்டில் எதைச் சேமித்தாலும் முதலில் சேமிக்க வேண்டியது விதை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மே 9, வெள்ளி

மோர் மிளகாய். குட்டையான, சதைப்பற்றுள்ள மிளகாயாகப் பார்த்துப் பறித்து, கழுவித் துடைத்து, காம்பை அப்படியே விட்டு நுனியில் சின்னக் கீறல். கீறினால்தான் மோர் உள்ளே இறங்கும். எண்ணெயில் போடும்போது வெடித்து முகத்தில் தெறிக்கவும் செய்யாது. கிலோவுக்கு அரை லிட்டர் புளித்த தயிர், கடைந்து, ஒரு பெரிய கை கல்லுப்பு. தூத்துக்குடி உப்புதான், பொடியுப்பு வேண்டாம்.

மூன்று நாள் பரணியில் ஊறி, பச்சை நிறம் வெளிறியதும் வெயிலுக்கு எடுப்பேன். பகலில் பாயில், பொழுது சாய்ந்ததும் திரும்ப அதே மோரில். மிளகாய் மோரையெல்லாம் குடித்து முடிக்கிறவரை இதேதான். புளிப்பும் உப்பும் சேர்ந்திருப்பதால் நடுவில் கெடாது.

மே 13, செவ்வாய்

சீனியவரை. மற்ற ஊர்க்காரர்களுக்குக் கொத்தவரங்காய். நார் எடுத்து, உப்பும் மஞ்சளும் போட்ட கொதிநீரில் ஒரு கொதி விட்டு, வடித்து, பரப்பியாயிற்று. பச்சையாகவே காயப்போட்டால் நார்நாராகிவிடும். வெந்நீர் கண்டது மொரமொரவென்று பொரியும். மாங்காயையும் ஓட்டோடு வெட்டி உப்பில் போட்டிருக்கிறேன். தீயலுக்கும் சாம்பாருக்கும் மாங்காய் வத்தல் கிடந்தால் ஐப்பசி மழையில் கடைக்கு ஓட வேண்டாம்.

மே 20, செவ்வாய்

சுண்டையும் மணத்தக்காளியும். சுண்டையைக் கல்லால் லேசாகத் தட்டி வாய் பிளக்க வைக்க வேண்டும். நசுங்கினால் விதை கொட்டிப்போகும், தட்டாமல் விட்டால் கசப்பு இறங்காது. மணத்தக்காளியில் பச்சைக் காய் மட்டும். பழுத்ததெல்லாம் பிள்ளைகள் வாய்க்குப் போயிற்று, அதுவும் நல்லதே.

பக்கத்து வீட்டு ஆச்சி மதில் பக்கம் வந்து நின்று சொன்னாள்: “மேக்க பாரு, மலை மூடிட்டு. இந்த வருஷம் காத்து முந்திக்கிடும் போலிருக்கு. வெயில நம்பி இருக்காதட்டி.”

மே 24, சனி

ஆச்சி சொன்னது சரி. தென்மேற்குப் பருவமழை இன்று கேரளத்தில் தொடங்கிவிட்டதாக வானிலை மையம் அறிவித்திருக்கிறது. வழக்கமான தேதி ஜூன் 1. 2009இல் மே 23 அன்று தொடங்கியதற்குப் பிறகு இவ்வளவு சீக்கிரம் வந்தது இப்போதுதானாம். மத்தியானமே மொட்டை மாடியில் இருந்த பாயெல்லாம் சுருட்டி உள்ளே வந்துவிட்டது.

சீனியவரை தப்பித்தது. இரண்டு நாள் முன்பே ஒடித்துப் பார்த்தேன், படக்கென்று ஒடிந்தது. வளைந்தால் ஈரம் என்று அர்த்தம். வெயிலில் இருந்து எடுத்த சூட்டோடு டப்பாவில் அடைக்கக் கூடாது, உள்ளே வேர்த்துப் பூசணம் பிடிக்கும். ஆறவைத்துத்தான் அடைத்தேன். மிளகாயும் மாங்காயும் சுண்டையும் பாதிக் காய்ச்சலில் நிற்கின்றன.

மே 27, செவ்வாய்

விடாத தூறல். மிளகாய்க்கு இன்னும் கொஞ்சம் புளித்த மோரும் உப்பும் சேர்த்துப் பரணியிலேயே போட்டுவிட்டேன். வெயில் வருகிறவரை அங்கேயே கிடக்கும். மாங்காயை வத்தலாக்கும் எண்ணத்தை விட்டு, உப்பு நீரில் மூழ்க வைத்து உப்பு மாங்காயாக்கிவிட்டேன். கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ள அதைவிட உசத்தி எதுவும் கிடையாது. ஏற்கெனவே முக்கால்வாசி காய்ந்த மணத்தக்காளியை மின்விசிறிக்கடியில் சொளவில் பரப்பி, ராத்திரி அடுப்பு அணைத்தபின் வெதுவெதுப்பான இரும்புச் சட்டியில் புரட்டி எடுத்தேன். சுண்டையில் ஒரு பிடி வெள்ளையாகப் பூத்துவிட்டது. துடைத்து வைத்துக்கொள்ளலாம் என்று சிலர் சொல்வார்கள். பூசணம் பிடித்ததை நான் சாப்பாட்டில் சேர்ப்பதில்லை, உரக்குழிக்குப் போயிற்று.

ஜூன் 4, புதன்

மழை இடைவெளி விட்டிருக்கிறது. நல்ல வெயில். மிளகாய் பாய்க்குத் திரும்பியது. காற்றுதான் பலமாக இருக்கிறது, பாயின் நாலு மூலைக்கும் கல்.

இன்று முழுக்க விதை வேலை. நூல் கட்டிய கத்தரி மஞ்சளாகி, பழுப்பேறி, தொட்டால் மெத்தென்று இருந்தது. பிளந்து வாளித் தண்ணீரில் பிசைந்தேன். சதையும் பொக்கு விதையும் மேலே மிதக்க, நல்ல விதை அடியில் தங்கியது. இரண்டு மூன்று தடவை தண்ணீர் மாற்றியதும் வாளியடியில் வெளிர்மஞ்சள் விதை மட்டும். அடுப்புச் சாம்பலில் புரட்டி நிழலில் காயவைத்திருக்கிறேன். மதியவெயிலில் போட்டால் முளைப்பு குறையும். பீர்க்கங்காய் கொடியிலேயே சருகாகிவிட்டது. ஆட்டினால் கிலுகிலுவென்கிறது. மூக்கை உடைத்துக் கவிழ்த்தால் கறுப்பு விதை தானாகக் கொட்டுகிறது. சுரையைக் குடுக்கையாகவே தொங்கவிட்டிருக்கிறேன், உடைக்க அவசரமில்லை.

கடையில் வாங்கிய ஹைபிரிட் மிளகாயில் மட்டும் விதை எடுக்கவில்லை. அதன் விதை தாயைப் போல வராது. ஆகவே நாட்டு ரகத்தை விட்டுவிடக் கூடாது என்று தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஜூன் 18, புதன்

மோர் மிளகாய் டப்பாவுக்குப் போயிற்று. கத்தரியும் மிளகாயும் நாற்று விட்டாச்சு. ஆனியில் விட்டால்தான் ஆடியில் பிடுங்கி நடலாம்.

ஜூலை 17, வியாழன்

ஆடி ஒன்று. சாரல் நின்று நின்று விழுகிறது, மண் பதமாக இருக்கிறது. கத்தரி நாற்று நட்டாயிற்று. பீர்க்கும் சீனியவரையும் நேரடியாக ஊன்றினேன். கூடுதலாக இருந்த பீர்க்கு விதையை ஆச்சிக்குக் கொடுத்தேன். அவள் முந்தானையில் முடிந்து வைத்திருந்த மிதுக்கு விதை எனக்கு வந்தது. கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலில் தானாக வரும் கொடி அது, அதன் சின்னக் காய் மிதுக்க வத்தலுக்கு ஆனது. எங்கள் செம்மண்ணில் வருமா என்று கிணற்றோரம் நாலு குழியில் போட்டுப் பார்க்கிறேன்.