கடுவன் பூனை முக்கினால் மலச்சிக்கல் என்று விட்டுவிடாதீர்கள்

வியாழக்கிழமை காலையிலிருந்தே எங்கள் கடுவன் பூனை ராசு மண் தட்டுக்குப் போவதும் வருவதுமாக இருந்தான். உட்காருவான், முதுகை வளைத்து முக்குவான், எழுந்து அடியில் நக்கிக்கொள்வான். மண்ணில் சொட்டு ஈரம் இல்லை. வெளிக்குப் போகத்தான் கஷ்டப்படுகிறான் என்று நினைத்தேன்.

காட்பாடியில் வீட்டுக்குப் பக்கத்திலிருந்த கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். டாக்டர் மாடு பார்க்க கிராமத்துக்குப் போயிருந்தார். உதவியாளர் கூடையைத் திறந்து எட்டிப் பார்த்ததோடு சரி, வயிற்றில் கைகூட வைக்கவில்லை. "மலச்சிக்கல்தான் சார், ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்று ஓர் ஊசி போட்டு அனுப்பினார். சீட்டு எழுதித் தரவில்லை, நானும் கேட்கவில்லை.

ராத்திரி இரண்டு முறை வாந்தி. பக்கத்து வீட்டு அக்கா பாராசிட்டமால் கால் மாத்திரை கொடுக்கச் சொன்னார். தயவுசெய்து யாரும் கொடுத்துவிடாதீர்கள். பூனைக்கு அது விஷம், கால் மாத்திரையே உயிருக்கு ஆபத்து.

வெள்ளி காலை பாலாற்றுப் பாலத்தைத் தாண்டி வேலூரில் இன்னொரு கிளினிக்குக்குப் போனால், அது பூட்டியிருந்தது. அரை மணி வெயிலில் நின்றதுதான் மிச்சம். அப்புறம் சத்துவாச்சாரியில் விசாரித்துப் போய்ப் பார்த்த பெண் டாக்டர்தான் முதன்முதலில் அடிவயிற்றைத் தொட்டார். தொட்டதுமே அவர் முகம் மாறிவிட்டது. என் விரலையும் மெதுவாக அங்கே வைக்கச் சொன்னார். பெரிய எலுமிச்சம்பழம் அளவுக்குக் கல்லுபோல இருந்தது. மூத்திரப்பை!

"கடுவனுக்கு மூத்திரக் குழாய் ரொம்பக் குறுகல். சளியும் பொடிக்கல்லும் சேர்ந்து அடைச்சிருக்கு. ரத்தத்துல பொட்டாசியம் ஏறினா இதயமே நின்னுடும். மூத்திரக் குழாய்க்குள்ள விடுற மெல்லிய குழாய், கதீட்டர், இவன் அளவுக்கு இங்க இல்ல, உடனே சென்னை வேப்பேரி போயிடுங்க" என்றார். ஊசி வழியாகக் கொஞ்சம் மூத்திரத்தை உறிஞ்சி எடுத்து அழுத்தத்தைக் குறைத்து, கையோடு கடிதமும் எழுதித் தந்தார். அவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

நண்பரின் காரில் சுமார் 140 கிலோமீட்டர். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கேட்ட முதல் கேள்வியே, "நேத்து என்ன ஊசி போட்டாங்க?" மயக்க மருந்து கொடுக்க அது தெரிந்தாக வேண்டும். சீட்டு இல்லையே! அந்த உதவியாளருக்கு எட்டு முறை போன் அடித்தேன். எடுத்தவர் ஞாபகமில்லை என்றார். மருந்துக் குப்பியைத் தேடிப் படம் எடுத்து வாட்ஸப்பில் அனுப்ப வைத்தேன். அதற்குள் 40 நிமிடம் போய்விட்டது. ஒரு துண்டுச் சீட்டு கேட்டு வாங்காததற்கு!

கதீட்டர் உள்ளே போனதும் பால் கலக்காத டீ நிறத்தில், ரத்தம் கலந்து மூத்திரம் வெளியே மாட்டிய பையில் இறங்கியது. அங்கேயே அழுதுவிட்டேன். சிறுநீரகம் எவ்வளவு பாதிக்கப்பட்டிருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தத்தில் 9-க்கு ஏறியிருந்தது, 2-க்குள் இருக்க வேண்டியது. அப்புறம் மூன்று நாள் டிரிப்ஸ். ஞாயிறு சாயங்காலம் மீன் வாசனைக்குத் தலையைத் தூக்கினான்.

முக்குகிறான், மூத்திரம் வரவில்லை என்றால் ஒரு நாள்கூடக் காத்திருக்காதீர்கள். நீங்களாக வயிற்றை அமுக்காதீர்கள், மூத்திரப்பை கிழிந்துவிடலாம். கிளம்பும் முன் போனிலேயே கேளுங்கள்: டாக்டர் இருக்கிறாரா, பூனைக்குக் கதீட்டர் போடுவாரா?

இந்த அடைப்பு திரும்பவும் வரக்கூடியது. அதனால் காய்ந்த தீனியை நிறுத்தி, ஈரத் தீனியில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் கலந்து வைக்கிறேன். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து டார்ச் அடித்துத் தட்டைப் பார்க்கிறேன். நேற்று உள்ளங்கை அகலத்துக்கு மண் நனைந்திருந்தது.