அலமாரி நின்ற சுவர்

2024 ஜூலை 3
படுக்கையறையில் அலமாரி நிற்கும் சுவரின் அடிப்பகுதியில், முழங்கால் உயரம் வரை, புதிய பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருக்கிறது. ஒன்றை நகத்தால் கீறியபோது பெயிண்டோடு பட்டியும் மாவாக உதிர்ந்தது. அதன் அடியில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது.

ஜூலை 4
பூச்சு நன்றாகக் காயும் முன்பே பெயிண்ட் அடித்ததால் வந்த கோளாறு இது என்றும், வெயில் ஏறினால் சரியாகிவிடும் என்றும் பெயிண்டர் சொல்கிறார். காயவிடாமல் ஏன் அடித்தீர்கள் என்று கேட்டேன். பழைய உரிமையாளர் அவசரப்படுத்தினாராம். விற்கப்போகும் வீட்டின் ஒரே ஒரு சுவருக்கு மட்டும் என்ன அவசரம்?

ஜூலை 6
பொறியாளர் சொன்னபடி பிளாஸ்டிக் தாள் ஒன்றைச் சுவரில் வைத்து, நான்கு ஓரங்களையும் காற்றுப் புகாதபடி ஒட்டியிருக்கிறோம். தாளின் வெளிப்பக்கத்தில் நீர் கோத்தால் அது அறைக் காற்றின் ஈரம். சுவரை ஒட்டிய பக்கத்தில் கோத்தால் சுவருக்குள்ளிருந்து வரும் ஈரம்.

ஜூலை 8
சுவரை ஒட்டிய பக்கத்தில்தான் கோத்திருக்கிறது.

ஜூலை 9
மண்ணில் உள்ள ஈரம் செங்கல்லின் நுண்துளைகள் வழியாக மேலே ஏறும்போது கரைந்த உப்பையும் சேர்த்துக்கொண்டு வருகிறது. சுவரின் முகப்புக்கு வந்ததும் நீர் ஆவியாகிவிட, தங்கிய உப்பு படிகமாக வளர்ந்து பூச்சை உள்ளிருந்து தள்ளுகிறது. ஆகவே மேலே எத்தனை முறை பட்டி பார்த்தாலும் அது மறுபடியும் உதிரத்தான் செய்யும். பொறியாளரை உறுத்துவது வேறொன்று. அடித்தளத்தில் ஓதத் தடுப்பு, அதாவது மண்ணின் ஈரம் சுவரில் ஏறாமல் மறிக்கும் அடுக்கு, இல்லை என்றால் மற்றச் சுவர்களிலும் ஈரம் ஏறியிருக்க வேண்டும், ஆனால் அவை உலர்ந்திருக்கின்றன. எனவே பக்கத்தில் எங்கோ குழாய் கசிகிறது என்கிறார். எனக்கு உறுத்துவதோ, இது பழைய உரிமையாளருக்குத் தெரியுமா என்பதுதான்.

ஜூலை 10
வீட்டிலுள்ள குழாய்கள் அனைத்தையும் மூடிவிட்டுத் தண்ணீர் மீட்டரின் முன்னே நின்றோம். அதன் சிறிய சக்கரம் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது.

ஜூலை 13
அலமாரியை நகர்த்தினோம். பத்திரப்பதிவு முடிந்த அன்று, "எடுத்துப் போவதும் சிரமம், உங்களுக்கே இருக்கட்டும்" என்று அவர் பெருந்தன்மையாக விட்டுச்சென்ற அலமாரி அது. அதன் பின்னால், சன்னலின் கீழ்மூலையிலிருந்து தரையை நோக்கிப் படிக்கட்டு வரிசையில் ஒரு விரிசல் இறங்குகிறது. மற்ற இடங்களில் அடித்த புதிய பெயிண்ட் அலமாரியின் விளிம்போடு நின்றுவிட்டது. விரிசலின் குறுக்கே பென்சிலால் சிறு கோடுகள் இழுத்து, ஒவ்வொன்றின் பக்கத்திலும் மாதமும் ஆண்டும் குறித்திருக்கிறார்கள்: மே 2022, பிப்ரவரி 2023, நவம்பர் 2023. விரிசலின் நுனி எதுவரை வந்தது என்பதை ஒவ்வொரு முறையும் கவனமாகப் பார்த்து எழுதிய குறிப்புகள். கடைசிக் கோட்டைத் தாண்டி விரிசல் ஒரு விரல் நீளம் போயிருக்கிறது.

சாவிகளோடு அவர் தந்த தாளை எடுத்து ஒப்பிட்டேன். இரண்டு என்ற எண்ணின் வால் அதே மாதிரி சுழிந்திருக்கிறது.

ஜூலை 14
உறக்கம் வரவில்லை.

ஜூலை 15
கண்ணுக்குத் தெரிந்த குறையைப் பார்த்து வாங்கியவர் பின்னால் புகார் சொல்வது கடினம் என்றும், சாதாரணப் பார்வைக்குப் புலப்படாத குறையை விற்றவர் அறிந்தே மறைத்தார் என்று காட்ட முடிந்தால் நிலைமை வேறு என்றும் வழக்கறிஞர் விளக்கினார். எதையும் துடைக்கவோ பூசவோ கூடாது. பக்கத்தில் அளவுகோலை வைத்துப் படம் எடுக்க வேண்டும். விற்றவருக்கு எழுத்து மூலமாகத் தெரிவிக்க வேண்டும். பென்சில் கோடுகளைப் பற்றி இப்போதைக்கு வாய் திறக்கக் கூடாது. கடைசி நிபந்தனைதான் எனக்கு மிகவும் கடினமானது.

ஜூலை 17
படங்களை எடுத்த பிறகு தரையை உடைத்தார்கள். குழாயின் இணைப்பு ஒன்று விட்டிருக்கிறது. கசிந்த நீர் அடித்தளத்தின் ஓரத்து மண்ணை அரித்து, கை நுழையும் அளவுக்குக் குழி செய்திருக்கிறது. ஆக, ஓதமும் விரிசலும் ஒரே நோயின் இரண்டு அறிகுறிகள். இணைப்பை மாற்றிவிட்டார்கள். ஆனால் செங்கற்சுவர் ஓர் அங்குலம் காய ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும் என்பது கட்டட வேலையில் பொதுவான கணக்கு, இதுவோ ஒன்பது அங்குலச் சுவர். அடிமண் அசைகிறதா, அடங்கிவிட்டதா என்று அறிய விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடிப் பட்டை ஒன்றைக் காரையால் பதித்திருக்கிறார் பொறியாளர்.

ஜூலை 20
கடிதம் கிடைத்ததும் அவரே தொலைபேசியில் அழைத்தார். "நாங்கள் இருந்தவரை அந்தச் சுவரில் ஒரு குறையும் கண்டதில்லையே" என்றார். எந்தச் சுவர் என்று கடிதத்தில் நாங்கள் எழுதவே இல்லை.

ஜூலை 22
கண்ணாடிப் பட்டை குறுக்காக உடைந்திருக்கிறது. பொறியாளர் நாளைக் காலையில் வருகிறார். அதுவரை அந்த அறையில் யாரும் படுக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்.