முதல் மஸில்லோடர்

மஸில்லோடர் என்பது குழலின் வாய்வழியே வெடிமருந்தும் குண்டும் நிரப்பும் துப்பாக்கி. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள் தொடங்கும் மான் வேட்டைக்கு இந்த வகையில் ஃபிளின்ட்லாக் மட்டும்தான் அனுமதி. சிக்கிமுக்கிக் கல்லின் பொறியில் மருந்து பற்றும் அந்தப் பழைய முறை மீது எனக்குக் கொள்ளை ஆசை. நேராக அதையே வாங்கப் போனேன். பக்கத்து வீட்டுப் பெரியவர்தான், "முதலில் இன்லைனில் கை பழகட்டும்" என்றார். குழலுக்கு நேர் பின்னாலிருந்து மருந்தைப் பற்றவைக்கும் நவீன மஸில்லோடர்தான் இன்லைன்.

சரி என்று சிவிஏ நிறுவனத்தின் வுல்ஃப் என்ற இன்லைனை வாங்கினேன், 50 காலிபர், அதாவது குழல் துளை அரை அங்குலம். விலை குறைந்த வகைதான். ஆனால் குழலின் பின்பக்கத்தை மூடும் அடைப்புத் திருகைக் கையாலேயே கழற்றலாம், குழலைப் பின்பக்கமிருந்து துடைக்கலாம். புதியவர்களுக்கு இது பெரிய உதவி. அக்டோபரில் கொம்பில்லா மானுக்கான சீசனில் இதுவே போதும்.

வாங்குமுன் குழலின் முறுக்கைக் கேளுங்கள், அதாவது குண்டைச் சுழலவைக்கும் உட்புற வரிப்பள்ளங்கள் எத்தனை அங்குலத்தில் ஒரு சுற்று முடிக்கின்றன என்று. 28 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்றால் நீளக் குண்டுக்குப் பொருந்தும். துணி சுற்றிய உருண்டைக் குண்டுதான் சுடப்போகிறீர்கள் என்றால் 66 அங்குலத்துக்கு ஒரு சுற்று போன்ற மெதுவான முறுக்கு வேண்டும். கெட்டிக்கும் கோல், மருந்து அளவி, துடைக்கும் துணி இவற்றுக்கும் பணம் எடுத்து வையுங்கள்.

கரிமருந்து அல்லது அதற்கு மாற்றாக விற்கும் பைரோடெக்ஸ் போன்றவை மட்டுமே போட வேண்டும். இன்றைய புகையில்லா மருந்தை ஒரு சிட்டிகைகூடப் போடாதீர்கள், குழலே வெடித்துவிடும். அப்புறம், சுட்ட அன்றே சோப்புத் தண்ணீரில் கழுவி, உலர்த்தி, எண்ணெய் பூசுங்கள். நான் எவ்வளவு களைத்து வந்தாலும் அதை முடித்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவேன்.