சீலோம் சாலையில் சோங்க்ரான்: நுழையும் முன்பே வெளியேறும் வழி

தாய்லாந்தின் புத்தாண்டான சோங்க்ரான் ஏப்ரல் 13 முதல் 15 வரை கொண்டாடப்படுகிறது. நமது சித்திரை முதல் நாளும் அதையொட்டியே வருவதால், அப்பாவையும் தங்கை குடும்பத்தையும் அழைத்துக்கொண்டு தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாகப் பெங்களூரு விமான நிலையம் சென்று பாங்காக் புறப்பட்டோம். 2023ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்ற அத்திருவிழாவின் அழகைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். அத்தனை பெரிய கூட்டத்தில் முதியவரோடும் பிள்ளைகளோடும் பத்திரமாக இருப்பது எப்படி என்பதையே நான் எழுத விரும்புகிறேன்.

கூட்டம் நம் ஊர்க்காரர்களுக்குப் புதிதன்று. ஆடிப்பெருக்கன்று ஒகேனக்கல்லிலும், தேரோட்டத்தன்று ஓசூர் தேர்ப்பேட்டையிலும் தோளோடு தோள் உரசி நின்று பழகியவர்கள் நாம். ஆனால் அங்கே "தள்ளாதீங்க, கொழந்தை இருக்குது" என்று ஒருவர் குரல் கொடுத்தால் சுற்றியிருப்பவர் அனைவருக்கும் புரியும். ஒலிபெருக்கியில் காவலர் சொல்வது நமக்குப் புரியும். எந்தச் சந்து எங்கே போய் முடியும் என்பதும் தெரியும். அயல்நாட்டில் இவை எதுவும் கைகொடுக்காது என்பதால், எடுக்க வேண்டிய முடிவுகளை விடுதி அறையிலேயே எடுத்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சோங்க்ரானன்று மக்கள் ஒருவர் மீது ஒருவர் நீரடித்துக் கொண்டாடும் பாங்காக்கின் சீலோம் சாலையின் கிழக்குப் பகுதியில் சாலா டேங் ரயில் நிலையம் இருக்கிறது. பெரும்பாலோர் அங்கேயே இறங்கி அங்கேயே ஏறுவதால், சாலையைவிட அந்நிலையத்தின் படிக்கட்டுகளைக் கண்டுதான் நான் அதிகம் அஞ்சினேன். ஆகவே, திரும்புவதற்கு மேற்கே உள்ள சோங் நோன்சி நிலையத்தைத் தேர்ந்தெடுத்தோம். அதையும் தாண்டி மேற்கே, பான் சாலை பிரியும் முனையில், 19ஆம் நூற்றாண்டில் தமிழர்கள் எழுப்பிய மாரியம்மன் கோயில் இருக்கிறது. உள்ளூர் மக்கள் அதை 'வாட் கேக்' என்கிறார்கள். யாரேனும் பிரிந்துவிட்டால் அக்கோயில் வாசலுக்கு வந்து நிற்க வேண்டும், மற்றவர்களைத் தேடிக்கொண்டு கூட்டத்துக்குள் திரும்பிப் போகக் கூடாது என்று பிள்ளைகள் உட்பட அனைவரிடமும் சொல்லிவைத்தோம்.

பாஸ்போர்ட்டுகளை விடுதிப் பெட்டகத்தில் பூட்டிவிட்டு நகலை மட்டும் எடுத்துச் சென்றோம். நீர் புகாத உறைக்குள் போனும் சிறிதளவு பணமும் இருந்தன. நனைந்த விரலுக்குத் தொடுதிரை ஒத்துழைப்பதில்லை என்பதால், விடுதியின் முகவரியைத் தாய் எழுத்தில் எழுதிய தாளை நெகிழியுறையிலிட்டு ஒவ்வொருவரிடமும் கொடுத்தோம். சுற்றுலாக் காவல்துறைக்கு 1155, ஆம்புலன்ஸுக்கு 1669 என்ற எண்களும் அதே தாளில் இருந்தன. நெரிசலில் முதலில் கழன்று போவது செருப்புதான். அதை எடுக்கக் குனிவது மிகவும் ஆபத்தானது. எனவே, அனைவரும் குதிகாலைப் பிடித்து நிற்கும் வார்வைத்த காலணிகளையே அணிந்தோம்.

திருட்டைவிட நெரிசலைப் பற்றியே பயணிகள் அதிகம் கவலைப்பட வேண்டும். 2022 அக்டோபர் 29 அன்று சியோல் நகரின் இதேவோன் பகுதியில், சுமார் மூன்று மீட்டர் அகலமே உள்ள சரிவான சந்தொன்றில் சிக்கி 159 பேர் இறந்தார்கள். அவர்களில் வெளிநாட்டவரும் இருந்தனர். இத்தகைய விபத்துகளில் பெரும்பாலோர் மிதிபட்டு இறப்பதில்லை. நாற்புறமும் அழுத்தும் உடல்களுக்கிடையே நெஞ்சு விரிய இடமின்றி, நின்ற நிலையிலேயே மூச்சுத் திணறி இறக்கிறார்கள். ஒரு சதுர மீட்டரில் ஐந்தாறு பேருக்கு மேல் சேர்ந்துவிட்டால் எவரும் தம் விருப்பப்படி நடக்க முடியாது; கூட்டம் வெள்ளத்தைப் போல அலையடிக்கத் தொடங்கும். இருபுறமும் தோள்கள் இடிபடும்போதே வெளியேறிவிட வேண்டும். அதற்குள் சிக்கிக்கொண்டால், குத்துச்சண்டை வீரர் நிற்பதுபோல் கைகளை மடக்கி மார்புக்கு முன் இடைவெளி ஏற்படுத்திக்கொண்டு, அலையை எதிர்த்துத் தள்ளாமல், அது தணியும் நேரத்தில் சாய்வாக ஓரம் நோக்கி நகர வேண்டும். கத்துவதால் மூச்சு வீணாகும். சுவர், தடுப்புவேலி ஆகியவற்றின் மீது அழுத்தப்படுமாறு ஒருபோதும் நிற்கக் கூடாது.

சீலோமில் மாலை நெருங்கியபோது முன்னால் சென்றவர்களின் நடை நின்றுபோனதைக் கவனித்தோம். "மாமா, இன்னும் கொஞ்ச தூரம் போலாமே" என்று தங்கை மகள் கேட்டாள். ஆனால் பின்னாலிருந்து ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். முன்னே நின்றும் பின்னே நிற்காமலும் இருக்கும் கூட்டத்தில் தொடர்வது கூடாது என்பதால், உடனே பக்கவாட்டில் ஒதுங்கி மேற்கே நடந்துவிட்டோம்.

இரவில் மோட்டார் சைக்கிள் டாக்சியையும் தவிர்த்தோம். சாலை விபத்துகள் பெருகும் இக்காலத்தை அந்நாட்டு அரசே 'ஏழு அபாய நாட்கள்' என்று குறிப்பிட்டு எச்சரிக்கிறது.

அப்பாவை நாங்கள் சீலோமுக்கு அழைத்துச் செல்லவில்லை. மறுநாள் காலையில் விடுதிக்கருகே இருந்த புத்தர் கோயிலுக்கு அவரோடு சென்று, மக்கள் சிலைக்கு நறுமண நீர் வார்ப்பதையும், பெரியவர்களின் கைகளில் நீரூற்றி வாழ்த்துப் பெறுவதையும் நிதானமாகப் பார்த்தோம். முதியவர்களோடு செல்பவர்கள் காலை வேளையையும் இத்தகைய சிறிய கோயில்களையுமே தேர்ந்தெடுக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். சோங்க்ரானின் மூலச் சடங்கு அங்கேதான் நடக்கிறது.