மஞ்சள் கோடும் பச்சைக் கோடும்

பழைய தடயங்களைத் தேடி எங்கள் தொல்லியல் கழகம் நடத்தும் கோடை நடைகளுக்கு ஆள் சேர்ப்பது நான்கு வருடங்களாக என் பொறுப்பு. அறிவிப்பு போட்ட மறுநிமிடம் வாட்ஸ்அப் குழுவில் யாராவது, "இந்த வெயிலிலா? கொஞ்சம் குளிரட்டுமே" என்பார்கள். பல்லாவரத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியல் ஆய்வாளர் பழைய கற்காலக் கோடரியைக் கண்டெடுத்தது 1863 மே 30 அன்று என்று பதில் போடுவேன். மே மாதம்! அதற்குமேல் புலம்பல் வராது. வருகிறவர்கள் எண்ணிக்கையும் கூடாது என்பது வேறு விஷயம்.

உண்மையில் எனக்கு வெயில்தான் வேண்டும். மண்ணுக்கு அடியில் ஒரு பழைய சுவர் புதைந்திருந்தால் அதன் மேல் மண் கொஞ்சம்தான் இருக்கும். வேருக்கு ஈரம் கிடைக்காது. சுற்றியுள்ள புல்லெல்லாம் தாக்குப்பிடிக்கும்போது அந்தக் கோட்டில் மட்டும் புல் முதலில் மஞ்சளாகும். பழைய அகழியோ குழியோ தூர்ந்து போயிருந்தால் இதற்கு நேர்மாறு. அங்கே மண் ஆழமாக, ஈரம் பிடித்து இருக்கும். அதன் மேல் வளர்வது உயரமாகவும் பச்சையாகவும் நிற்கும். நல்ல மழைக்காலத்தில் எல்லாமே பச்சை, ஒன்றும் தெரியாது. வறட்சிதான் காட்டிக்கொடுக்கும்.

இதற்கு எனக்குப் பிடித்த கதை இங்கிலாந்தின் பழங்காலக் கல்வட்டமான ஸ்டோன்ஹெஞ்சில் நடந்தது. 2013 கோடையில் அங்கே புல்லுக்குத் தண்ணீர் விட்ட ரப்பர் குழாயின் நீளம் போதவில்லை. கல்வட்டத்தின் ஒரு பக்கத்துக்குத் தண்ணீர் எட்டாமல் புல் காய்ந்தது. காய்ந்த இடத்தில் திட்டுத் திட்டாக நிறம் மாறியிருந்ததை அங்கே வேலை பார்த்த ஒருவர் கவனித்தார். இப்போது இல்லாத கற்கள் ஒரு காலத்தில் நின்றிருக்கக்கூடிய இடங்கள் அவை. வட்டம் முழுமையாக இருந்ததா இல்லையா என்று எத்தனையோ வருடங்களாக விவாதித்துக்கொண்டிருந்த விஷயத்துக்கு ஒரு நீளம் குறைந்த குழாய் சாட்சி சொன்னது. 2018 ஜூலை வறட்சியில் அயர்லாந்தில் நியூகிரேஞ்ச் என்ற பழங்காலக் கல்லறை மேட்டின் அருகே ட்ரோன் பறக்கவிட்ட இரண்டு பேர், வயலில் அதுவரை யாருக்கும் தெரியாத ஒரு பெரிய வட்ட அமைப்பைப் பார்த்தார்கள்.

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன். முதல் கோடையில் காலை பதினொரு மணிக்கு ஒரு மேட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய் எல்லோரையும் வாட்டினேன். ஒன்றுமே தெரியவில்லை. உச்சி வெயிலில் நிழல் விழாது. நிழல் இல்லாவிட்டால் அரை அடி உயரத் திண்டுகூடக் கண்ணுக்குத் தட்டையாகத்தான் இருக்கும். அடுத்த வருடம் மாலை ஐந்தரைக்குப் போனோம். சூரியன் சாய்ந்திருந்தது. எதிர்ச்சரிவில் ஏறித் திரும்பிப் பார்த்தால், மேட்டின் குறுக்கே நூல் பிடித்த மாதிரி ஒரு பச்சைக் கோடு! அகழிதான் என்று எனக்குக் கை நடுங்கிவிட்டது. பத்துப் பன்னிரண்டு படம் எடுத்தேன், ஜிபிஎஸ் குறித்தேன், அங்கேயே நின்று ஒரு சிறு சொற்பொழிவும் ஆற்றினேன். நிலத்துக்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது ஆறு வருசம் முன்னாடி நான் பைப் புதைச்ச இடம்மா" என்றார். தோண்டி மூடிய மண் யார் தோண்டியதாக இருந்தாலும் ஈரம் பிடிக்கும். இப்போதெல்லாம் நடைக்கு அனுமதி கேட்கப் போகும்போதே, எங்கெங்கே குழாய் புதைத்தீர்கள் என்றும் கேட்டு எழுதிக்கொள்கிறேன்.

பானை ஓடு பார்ப்பதற்குக் கோடை அவ்வளவு நல்ல காலம் இல்லை. உழுத நிலத்தில் ஒரு மழை பெய்து ஓட்டின் மேல் மண் கழுவிப் போனபின் பார்த்தால்தான் கண்ணில் படும். இருந்தாலும் வரிசையாக, ஆளுக்குப் பத்தடி இடைவெளி விட்டு, தரையைப் பார்த்தபடி நடப்போம். போன நடையில் ஒரு பெண் குழந்தை வாய்விளிம்புத் துண்டு ஒன்றைக் கண்டுபிடித்தாள். நான் கணக்கு டீச்சர், விடுவேனா? ஓட்டை அசைக்காமல் அளவுகோலை மேலே பிடித்து அளந்தோம். முனைக்கு முனை, அதாவது நாண், 6 செ.மீ., நடுவில் வளைவின் உயரம் 5 மி.மீ. நாணின் வர்க்கத்தை வளைவு உயரத்தின் எட்டு மடங்கால் வகுத்து, அந்த உயரத்தில் பாதியைக் கூட்டினால் ஆரம் 9.25 செ.மீ. அப்படியென்றால் பானையின் வாய் ஏறக்குறைய 18.5 செ.மீ. அகலம். அவள் இரண்டு கையையும் வட்டமாக வைத்துப் பார்த்துக்கொண்டாள். அப்புறம் கேட்டாள், "5 இல்லாம 4ஆ இருந்தா?" போட்டுப் பார்த்தோம். வாய் 23 செ.மீ. ஆகிவிட்டது. ஒரு மில்லிமீட்டர் பிசகினால் பானையே மாறிவிடுகிறது. சின்னத் துண்டை வைத்து அடித்துச் சொல்லக்கூடாது என்று நான் வகுப்பெடுப்பதற்குள் அவளே சொல்லிவிட்டாள்.

அந்த ஓடு அங்கேயேதான் கிடக்கிறது. அளவுகோலோடு படம், இடக்குறிப்பு, அவ்வளவுதான். இதில் மட்டும் நான் கறார். ஒருமுறை ஒரு பெரியவர் நடை முடிந்ததும் சட்டைப்பையிலிருந்து ஐந்து ஓடுகளை எடுத்து ஆசையாக என் கையில் வைத்தார். எங்கே எடுத்தீர்கள் என்றால், "அந்தப் பக்கமாத்தான்" என்கிறார். இடம் தெரியாத ஓட்டை வைத்து என்ன செய்வது? அவரைத் திட்டவும் மனசு வரவில்லை. அடுத்த நடையிலிருந்து கிளம்புவதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன். தண்ணீர், தொப்பி, கணுக்காலை மூடும் ஷூ என்று வழக்கமாகச் சொல்வதோடு இதையும் சேர்த்து.

பைப் புதைத்த அதே மேட்டின் வடக்கு மூலையில் இந்த வருடம் ஒரு மஞ்சள் கோடு தெரிந்தது. கொஞ்ச தூரம் நேராகப் போய் செங்கோணத்தில் திரும்புகிறது. நிலத்துக்காரரிடம் கேட்டேன், அங்கே அவர் எதுவும் புதைக்கவில்லையாம், அவர் அப்பாவும் இல்லையாம். படங்களைத் தொல்லியல் துறைக்கு அனுப்பியிருக்கிறேன். போன வாரம் நல்ல மழை. மறுபடி போய்ப் பார்த்தேன், மேடு முழுக்க ஒரே பச்சை.