ஏழு வருஷமும் ஐம்பது சென்டிமீட்டரும்

கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம், அருமனை, கடையாலுமூடு பக்கம் ரப்பர் வைத்திருப்பவரிடம் "எப்போ வெட்டு தொடங்குவீங்க?" என்று, அதாவது பட்டையைக் கீறிப் பால் எடுப்பது எப்போது என்று கேட்டால், யோசிக்காமல் "ஏழாம் வருஷம்" என்பார். ரப்பர் வாரியம் சொல்லும் விதியில் வருஷமே வராது. ஒட்டு மரத்தில், ஒட்டுக் கட்டின இடத்திலிருந்து 125 செ.மீ. உயரத்தில் டேப்பைச் சுற்றினால் 50 செ.மீ. காட்ட வேண்டும். தோட்டத்தில் நூற்றுக்கு எழுபது மரமாவது அந்த அளவுக்கு வந்திருக்க வேண்டும். மண் ஆழமாகக் கிடக்கும் சரிவில் ஏழு வருஷத்துக்கு முன்பே வந்துவிடும். பாறை தட்டும் இடத்தில் எட்டு முடிந்தும் வராது.

இதைப் பார்க்கும்போதெல்லாம் பைபிளில் கில்கால் என்ற ஊரில் காத்து நின்ற இஸ்ரவேலின் சவுல் ராஜாதான் நினைவுக்கு வருகிறான். தீர்க்கதரிசி சாமுவேல் அவனுக்குச் சொன்னது வெறும் "ஏழு நாள் காத்திரு" அல்ல. "நான் வந்து, நீ செய்யவேண்டியதைச் சொல்லும்வரை" என்றும் சேர்த்தே சொல்லியிருந்தான். சவுல் ஏழு நாளை மட்டும் பிடித்துக்கொண்டான், மற்றதை விட்டுவிட்டான். மிக்மாசில் எதிரிகளான பெலிஸ்தர் கூடி நிற்கிறார்கள், கூட இருந்த ஜனம் சிதறிப் போகிறது, கடைசியில் மிஞ்சியவர்கள் 600 பேர். சாமுவேல் வந்து செலுத்த வேண்டிய பலியைத் தானே செலுத்தினான். செலுத்தி முடிக்கவும் சாமுவேல் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. அவன் செய்தது களவோ கொலையோ இல்லை, கடவுளுக்கு இட்ட பலி. அவசரம் பெரும்பாலும் இப்படித்தான் பக்தியையோ பொறுப்பையோ உடுத்திக்கொண்டு வரும். "பேங்க் தவணை நிற்குது, மகள் படிப்பு இருக்குது, விலையும் ஏறிக் கிடக்குது, இப்ப வெட்டாம எப்ப வெட்ட?" இதில் எந்த வார்த்தையும் பொய் இல்லை.

சரி, 42 செ.மீ. மரத்தில் கத்தி வைத்தால் என்ன ஆகும்? பால் வரும். அதுதான் தொந்தரவே. இலை சமைத்துத் தரும் சர்க்கரையைக் கொண்டுதான் மரம் தடியையும் பருக்க வைக்கிறது, பாலையும் உண்டாக்குகிறது. பருக்க வேண்டிய வயதில் பாலை இறக்கினால் தடி அப்படியே நின்றுபோகும். பட்டையும் மெலிதாக இருப்பதால் பால்குழாய் வளையங்கள் குறைவு. பழகின கையின் கத்திகூடப் பட்டையைத் தாண்டி உள்தடியைத் தொட்டுவிடும். 2017 நவம்பர் 30-ம் தேதி ஒக்கி புயல் அடித்தபோது நன்றாகப் பருத்த மரங்களே முறிந்தன. மெலிந்து நிற்கும் மரத்துக்குப் புயல் வேண்டாம், இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழைக் காற்றே போதும்.

வெட்டைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். ஒட்டு மரத்தில் வெட்டுக்கோடு இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்ந்து, 30 பாகைச் சரிவில், மரத்தின் பாதிச் சுற்றுக்கு ஓடும். பால்குழாய்கள் நேர் செங்குத்தாக இல்லாமல் சற்றே வலப்பக்கம் சாய்ந்து ஏறுகின்றன. அதனால் இந்தத் திசையில் வெட்டினால்தான் அதிகக் குழாய் அறுபடும். குழாய்கள் நெருங்கிக் கிடப்பது பட்டையின் உள்ளடுக்கில், தடியை ஒட்டி. கத்தி அங்கே போக வேண்டும், ஆனால் பட்டைக்கும் தடிக்கும் நடுவில் இருக்கும் வளர்திசுவுக்கு ஒரு மில்லிமீட்டர் முன்னால் நிற்க வேண்டும். அந்த ஒரு மில்லிமீட்டரில்தான் பேராசை குடியிருக்கிறது. இன்னும் கொஞ்சம் அழுத்தினால் இன்றைக்குச் சிரட்டையில் கூட விழும். வளர்திசு காயப்பட்டுப் போனால், புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். இதன் விலை உடனே தெரியாது. ஒரு பக்கப் பட்டை தீர்ந்து, மறுபக்கமும் தீர்ந்து, கத்தி திரும்ப இந்த இடத்துக்கு வருவதற்குள் பத்து வருஷம் ஓடியிருக்கும். அழுத்தி வெட்டினவர் அதற்குள் வேறு தோட்டத்துக்குப் போயிருப்பார்.

இடைவெளி விஷயத்திலும் இதே கதைதான். வடித்த பாலை மரம் திரும்ப ஊறவைக்க இரண்டு மூன்று நாளாகும். இங்கே பரவலாக நிற்கும் ஆர்.ஆர்.ஐ.ஐ. 105 ரகம் ஒன்றுவிட்ட நாள் வெட்டுக்கே, பால் நின்று பட்டை உலர்ந்துபோகும் பட்டை மரப்பு நோயைக் காட்டும். மூன்று நாளுக்கு ஒருமுறை வெட்டுவதுதான் அதற்கு ஏற்றது. விலை ஏறும்போது தினமும் வெட்டச் சொல்கிறவர்கள் கவனிக்க வேண்டிய அடையாளம் ஒன்று உண்டு. பட்டை மரத்துப்போவதற்கு முன் பால் குறையாது, கூடும்! வெட்டி இரண்டு மூன்று மணி நேரத்தில் நிற்க வேண்டிய சொட்டு, மதியம் தாண்டியும் விழும். பால் நீர்த்திருக்கும், உறையவைத்தால் ஷீட் எடை நிற்காது. உடமைக்காரர் அதைப் பார்த்து "ஆண்டவர் ஆசீர்வதிச்சிருக்காரு" என்று சந்தோஷப்படுவார். அடுத்த சில மாதத்தில் வெட்டுக்கோட்டில் அங்கங்கே வறண்ட திட்டுகள் தெரியும், பிறகு கோடு முழுக்க உலரும். பாலைக் கூட்டும் எத்திபோன் மருந்தைத் தடவி வெட்டைக் கூட்டினாலும் இதேதான். வெட்டி விற்கப்போகிற கிழட்டு மரத்துக்குக் கடும்வெட்டு பொருந்தும், இளம் மரத்துக்குப் பொருந்தாது. வெட்டை நிறுத்திச் சில மாதம் ஓய்வு கொடுப்பதைத் தவிர, மரத்துப்போன பட்டைக்கு நம்பத்தக்க மருந்து கிடையாது. அவசரத்தில் வந்த நோய்க்குக் கடைசியில் காத்திருப்பையே மருந்தாகச் சொல்கிறார்கள்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. "தேவனுடைய வேளை வரட்டும்" என்று திண்ணையில் உட்காருவது. மே மாதத்திலேயே மரத்துக்கு மழைக்காப்பு பிளாஸ்டிக் கட்டி, தார்ப் பசை வைத்து ஒட்டவில்லை என்றால், ஜூனில் இடவப்பாதி பிடித்ததும் வெட்டு நின்றுபோகும். அதைக் கர்த்தருடைய சித்தம் என்று சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை, அது சோம்பல். இளம் மரத்துக்கான ஏழெட்டு வருஷமும் சும்மா இருக்கிற காலமே அல்ல. மரத்தடியில் களை பறிக்க வேண்டும், மண்ணை மூடிக் கிடக்க வளர்க்கும் மூடுபயிர்க் கொடி மரத்தில் ஏறாமல் இழுத்துவிட வேண்டும், கோடையில் தழை போட வேண்டும். மழை மாதங்களில் கவட்டைகளை அண்ணாந்து பார்த்து, இளஞ்சிவப்புப் பூசணம் பிடித்திருந்தால் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ பசை தடவ வேண்டும். இத்தனையும் செய்தபிறகும் தடி ஒரு நாளைக்கு எவ்வளவு பருக்கும் என்பது நம் கையில் இல்லை. அந்த இடத்தில்தான் ஜெபத்துக்கு வேலை. பைபிளில் ஏசாயாவின் புத்தகத்தில் வரும் "விசுவாசிக்கிறவன் பதறான்" என்ற வரியில் எனக்குப் பிடித்தது அந்தக் கடைசிச் சொல். பதறான் என்றுதான் இருக்கிறது, கையைக் கட்டிக்கொண்டவன் என்று இல்லை.

அளவெடுக்கும் நாளில் ஒரு நடைமுறை உதவும். டேப்போடு சுண்ணாம்பும் எடுத்துப் போங்கள். 50 வந்த மரத்தில் குறி போடுங்கள். 49-க்குப் போடாதீர்கள், டேப்பை இறுக்கிப் பிடித்தும் தளர்த்திப் பிடித்தும் அதை 50 ஆக்கப் பார்க்கிற கை எல்லாருக்கும் உண்டு. எழுபது சதவீதம் தேறினால் மார்ச் மாதம் அந்த மரங்களில் மட்டும் வெட்டு தொடங்கலாம். குறி விழாத மரங்களைத் தொடாமல் விட்டு, செப்டம்பரில் மறுபடியும் டேப்போடு வர வேண்டும்.